உடம்பை நம்பும் சட்டம், ஆளை நம்புமா?

(கோவையில் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வரும்போது சம்பளச் சீட்டைக் கையோடு கொண்டுவாருங்கள் என்று நோட்டீஸில் போட்டிருந்தோம். பாதிப் பேர் கையில் இருக்கிறது. மீதிப் பேருக்குச் சீட்டே கொடுப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அவர்கள் பக்கத்தில் இருப்பவருடையதை எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். பிடித்தம் என்ற இடத்தில் பி.எஃப். கொஞ்சம் பெரிய தொகையாக இருக்கும். அதற்குக் கீழே இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, என்று ஒரு சின்னத் தொகை. மாதம் 15,000 ரூபாய் கூலி வாங்குகிறவருக்கு 113 ரூபாய். நூற்றுக்கு முக்கால் ரூபாய் உங்கள் பங்கு, மூன்றேகால் ரூபாய் முதலாளி பங்கு. அவர் உங்கள் பெயரில் 488 ரூபாய் கட்டுகிறார். 2019 ஜூலைக்கு முன் உங்களிடம் ஒன்றே முக்கால், அவரிடம் நாலே முக்கால் என்று இருந்தது. குறைத்துவிட்டார்கள். குறைத்ததில் யாருக்கு லாபம் அதிகம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த 113 ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால் எல்லோரும் ஆஸ்பத்திரி, மாத்திரை என்பீர்கள். வரிசையில் நிற்பதைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்வீர்கள். அதைப் பேச வேறொரு நாள் போதாது, ஒரு வாரம் வேண்டும். இன்றைக்கு நான் பேச வந்தது மாத்திரையைப் பற்றி அல்ல, பணத்தைப் பற்றி. வேலைக்குப் போக முடியாத நாளில் வீட்டுக்கு வரவேண்டிய பணம்.

ஒரு கணக்கு சொல்கிறேன். சராசரியாக நாளுக்கு 500 ரூபாய் கூலி வாங்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். டைஃபாய்டு வந்து படுத்தால் நாளுக்கு 350 ரூபாய். வேலை செய்யும்போது மெஷினில் கை மாட்டினால் நாளுக்கு 450 ரூபாய். கம்பெனி வேலை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டால் 250 ரூபாய். அதுவும் வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து 90 நாள்தான். ஆள் ஒருவர்தான், கூலி ஒன்றுதான், வீட்டு வாடகை ஒன்றுதான். மூன்று நிலைமையிலும் அவர் வீட்டில் உலை வைக்க அரிசி அதே அளவுதான் வேண்டும். பிறகு ஏன் மூன்று விலை? இதற்குப் பதில் தெரிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1943ஆம் வருடம் மார்ச் மாதம். உலகப்போர் நடந்துகொண்டிருக்கிறது. பி.பி. அதார்க்கர் என்ற பேராசிரியரை அழைத்து, ஆலைத் தொழிலாளருக்கு ஓர் உடல்நலக் காப்பீட்டுத் திட்டம் எழுதித் தரச் சொன்னது அன்றைய அரசு. கவனியுங்கள், அவரிடம் கேட்டது உடல்நலம் மட்டும். அடுத்த வருடம் அறிக்கை கொடுத்தார். சர்வதேசத் தொழிலாளர் நிறுவனத்திலிருந்து மாரிஸ் ஸ்டாக், ரகுநாத ராவ் என்ற இருவர் வந்து அதைப் பார்த்து, பிரசவ உதவியையும் வேலையிட விபத்து ஈட்டையும் இதற்குள்ளேயே சேர்க்கச் சொன்னார்கள். இப்படி உருவானதுதான் 1948ஆம் வருட இ.எஸ்.ஐ. சட்டம். 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் திட்டத்தை நேரு தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டில் இது முதலில் வந்த ஊர் எது தெரியுமா? நம் ஊர்தான். 1955 ஜனவரி 23. பஞ்சாலைச் சங்கு சத்தத்துக்கு ஊரே எழுந்த காலம் அது.

அதாவது இந்தத் திட்டம் பிறக்கும்போதே நோய், பிரசவம், விபத்து மூன்றும் உள்ளே வந்துவிட்டன. வேலையின்மை வாசலிலேயே நின்றுவிட்டது.

இதே வருடங்களில் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள், நேர் எதிர். அங்கே 1930களின் பெருமந்தத்தில் வேலை இழந்தவர்கள் தெருவில் நின்றதால், முதலில் வந்தது வேலையிழப்புக் காப்பீடு. 1932இல் விஸ்கான்சின் மாநிலம், 1935இல் நாடு முழுவதற்குமான சட்டம். அதில் ஒரு நிபந்தனை: பணம் வாங்குகிறவர் வேலை செய்யத் தகுதியோடும் தயாராகவும் இருக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலை போன ஆள், அடுத்த வாரம் காய்ச்சலில் படுத்தால்? 'உன்னால் வேலை செய்ய முடியாதே, உனக்குப் பணம் இல்லை' என்று நிறுத்திவிடுவார்கள். திடமாக இருக்கும் வரை காசு, படுத்துவிட்டால் பட்டினி. இந்த ஓட்டையை அடைக்க 1942இல் ரோட் தீவு என்ற மிகச் சின்ன மாநிலம் ஒரு சட்டம் போட்டது. வேலையிழப்பு நிதிக்குத் தொழிலாளர்கள் கட்டிவந்த பணத்தை எடுத்து, தற்காலிகமாக உடம்பு முடியாதவர்களுக்கு ஒரு நிதி ஏற்படுத்தியது. பிறகு கலிபோர்னியா. அப்புறம் 1948இல் நியூ ஜெர்சி. நம் சட்டம் வந்த அதே வருடம். இன்று வரை சில மாநிலங்களில்தான் இப்படி இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கா என்றால் எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

அவர்கள் வேலை போனவனை முதலில் நம்பினார்கள், நோயாளியைப் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். நாம் நோயாளியை முதலில் நம்பினோம். வேலை போனவனை இன்னும் முழுசாக நம்பவில்லை. நான் இன்றைக்குச் சொல்ல வந்த விஷயமே இதுதான்.

நோய்க்கால உதவியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்களில் பலர் வாங்கியிருப்பீர்கள். கூலியில் நூற்றுக்கு 70, வருடத்துக்கு 91 நாள் வரை. முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை. முந்தைய லீவு முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் அந்த இரண்டு நாளும் சேரும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை ஓர் அரையாண்டு. அந்த ஆறு மாதத்தில் 78 நாளாவது உங்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான கணக்குக்கு உரிய பலன் அடுத்த ஜனவரியில்தான் தொடங்கும். காசநோய், புற்றுநோய் போல 34 பெரிய வியாதிகளுக்கு 80 சதவீதம், இரண்டு வருடம் வரை. அதற்குத் தனி நிபந்தனை உண்டு.

இங்கே ஒரு பேச்சு எப்போதும் வரும். 'இ.எஸ்.ஐ. லீவு என்றாலே பொய் லீவு' என்று மேனேஜர்கள் சொல்வார்கள். பொங்கல் முடிந்த வாரம் டிஸ்பென்சரியில் முதுகுவலிக்காரர்கள் கூட்டம் கொஞ்சம் அதிகம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்காக நோய்க்கால உதவியே வேண்டாம் என்று இத்தனை வருடத்தில் யாரும் சொல்லவில்லை. டாக்டர் பார்க்கிறார், சீட்டுத் தருகிறார், சந்தேகம் என்றால் இன்னொரு டாக்டரிடம் அனுப்புகிறார்கள். ஏமாற்றுகிறவனைப் பிடிக்க வழி வைத்துவிட்டு, மற்றவர்களுக்குப் பணத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்தது விபத்து. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் சட்டம் இங்கேதான் தாராளம், ஏமாற்று நடப்பதும் இங்கேதான் அதிகம்.

தற்காலிக ஊன உதவி என்று பெயர். வேலையால் அடிபட்டு, அடிபட்ட நாளை விட்டுவிட்டு மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாமல் இருந்தால், கூலியில் 90 சதவீதம். 78 நாள் கணக்கெல்லாம் இதற்குக் கிடையாது. காலை எட்டு மணிக்கு வேலையில் சேர்ந்து ஒன்பது மணிக்கு அடிபட்டாலும் உண்டு. 91 நாள் என்ற எல்லையும் இல்லை. உடம்பு தேறும் வரைக்கும் வரும். தேறாமல் ஏதாவது மிச்சம் நின்றுவிட்டால் மருத்துவக் குழு பார்த்துச் சதவீதம் போடும், அதற்கேற்ப ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம். 2010இலிருந்து, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் வழியில் நடக்கும் விபத்தும் இதில் சேரும். வேலைக்கும் அந்தப் பயணத்துக்கும் நேரம், இடம் எல்லாம் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். பல்லடத்திலிருந்து திருப்பூருக்கு வண்டியில் போகிற பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

எனக்குத் தெரிந்த ஒரு பையன். பவர் பிரஸ் ஓட்டுகிறவன். வேலைக்குச் சேர்ந்து இன்னும் மாதம் முடியவில்லை. தகட்டைச் சரி பண்ணக் கை வைத்த நேரத்தில் பிரஸ் இறங்கிவிட்டது. வலது கை ஆள்காட்டி விரல். சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான்; பனியன் துணியால் கட்டி, தன் வண்டியிலேயே உட்காரவைத்து ஓட்டினார். எங்கே? இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு இல்லை. தனியார் நர்சிங் ஹோமுக்கு. வழியில் ஒரு வார்த்தை: "தம்பி, டாக்டர் கேட்டா வீட்டு கேட்ல நசுங்குச்சுன்னு சொல்லிரு. செலவெல்லாம் மொதலாளி பாத்துக்குவாரு." முதலாளி செலவைப் பார்த்துக்கொண்டார்தான். கையில் 5,000 ரூபாயும் கொடுத்தார். அந்த வீட்டில் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அந்த ஒரு பொய்யால் என்ன போயிற்று? பையனுடைய பெயரை இ.எஸ்.ஐ.யில் அதுவரை பதியவே இல்லை. பத்து நாளுக்குள் பதிந்திருக்க வேண்டும். வீட்டில் நடந்தது என்று டாக்டர் எழுதிவிட்டதால் விபத்து அறிக்கை போகவில்லை. அறிக்கை இல்லாததால் 90 சதவீதம் இல்லை. விரலில் இரண்டு கணு போய்விட்டது. சட்டத்தின் அட்டவணையில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு எண் எழுதியிருக்கிறார்கள், படித்தால் வயிற்றைப் பிசையும். கட்டைவிரல் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுக்க என்றால் 14, இரண்டு கணு என்றால் 11, ஒரு கணு 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் என்றால் 5. சுண்டுவிரல் முழுசாகவே 7தான். இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு வைத்திருக்கிறது சட்டம். இந்தப் பையன் அந்தப் பதினொன்றை ஆயுள் முழுக்க வாங்கியிருக்க வேண்டும். 5,000 ரூபாயோடு முடிந்துபோனது.

முதலாளி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு பேக்டரி இன்ஸ்பெக்டர் பயம். பிரஸ்ஸுக்குப் பாதுகாப்புக் கம்பி இல்லை என்பது வெளியே வந்துவிடும். ஆனால் அவருடைய பயத்துக்கான விலையை அந்தப் பையன் விரலால் கட்டினான். ஆகவே ஒன்றே ஒன்று: அடிபட்டால் டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் முதல் சீட்டில் 'வேலை செய்யும் இடத்தில்' என்று எழுதச் சொல்லுங்கள். கூட வேலை செய்கிறவர்கள் சாட்சிக்கு நில்லுங்கள். பெயர் பதியவில்லையே என்று பயப்பட வேண்டாம். பதியாதது முதலாளி குற்றம். அதற்காகத் தொழிலாளியின் பலன் நிற்காது. இ.எஸ்.ஐ. கழகம் உங்களுக்குக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூல் செய்துகொள்ளும்.

இனி வேலை போனவன் கதைக்கு வருவோம்.

நம் அரசியல் சட்டத்தின் 41ஆவது பிரிவு, அரசு யார் யாருக்குக் கைகொடுக்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. வேலையின்மை, முதுமை, நோய், ஊனம். வேலையின்மைதான் முதலில் இருக்கிறது. எழுதினவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அது வழிகாட்டும் நெறி. வழக்குப் போட்டு வாங்க முடியாது.

நடைமுறையில் என்ன செய்தார்கள் என்றால், வேலை போவதை முதலாளியின் தலையில் வைத்தார்கள். 1953இல் தொழிற் தகராறு சட்டத்தைத் திருத்தி, ஆள் குறைத்தால் ஒரு மாத நோட்டீஸ், வேலை பார்த்த வருடத்துக்குப் பதினைந்து நாள் கூலி என்றார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் அது காப்பீடு இல்லை, கடன். ஆயிரம் பேரிடம் சிறுகச் சிறுக வாங்கி நூறு பேருக்குக் கொடுத்தால் அது காப்பீடு. முழுகிக்கொண்டிருக்கிற ஒரே ஆளிடம் வாங்கச் சொன்னால்? மில் நொடித்த பிறகுதானே ஆள் குறைக்கிறான்? நொடித்த மில்லில் முதலில் பணம் எடுப்பது யார், பாங்க். பாக்கிக்காக வழக்குப் போட்டு, தீர்ப்பு வருவதற்குள் செத்தவர்கள் குடும்பம் இந்த அரங்கத்திலும் இருக்கும். சிங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

காப்பீடு என்று ஒன்று வந்தது 2005 ஏப்ரலில்தான். கான்பூர் தொடங்கி ஐம்பத்து மூன்று வருடம் கழித்து. ராஜீவ் காந்தி பெயரில் ஒரு திட்டம். ஆரம்பத்தில் ஐந்து வருடம் சந்தா கட்டியிருக்க வேண்டும், கிடைப்பதோ ஆறு மாதம். பிறகு தளர்த்தினார்கள், இரண்டு வருடம் வரை என்று நீட்டினார்கள், முதல் வருடம் பாதிக் கூலி, அடுத்த வருடம் கால் கூலி. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் ஆலை மூடியிருக்க வேண்டும், அல்லது சட்டப்படி ஆட்குறைப்பு நடந்திருக்க வேண்டும், அல்லது வேலைக்குச் சம்பந்தமில்லாத காயத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஆகியிருக்க வேண்டும். சொல்லுங்கள், உங்களில் யாருக்காவது ஆட்குறைப்பு ஆணை என்று ஒரு தாள் கையில் கொடுத்திருக்கிறார்களா? "ஆர்டர் இல்லீங்க, கூப்பிடும்போது வாங்க" என்று சொல்லித்தானே அனுப்புகிறார்கள்? கூப்பிடுவதே இல்லை. சட்டத்தின் கண்ணில் உங்களை யாரும் நிறுத்தவில்லை.

2018 ஜூலையில் இரண்டாவது திட்டம், அடல் பெயரில். இதில் ஆலை மூடினதற்கு ஆதாரம் வேண்டாம். வேலை போய்விட்டது, அது ஒழுங்கு நடவடிக்கையாலோ ஓய்வாலோ இல்லை என்றால் போதும். ஆனால் கால் கூலி, 90 நாள், வேலை போய் மூன்று மாதம் கழித்துத்தான் கேட்க முடியும். மூன்று மாதம் பட்டினி கிடந்தவனுக்குக் கால் வயிற்றுச் சோறு. 2020இல் ஊரடங்கு வந்தபோதுதான் மேலே இருப்பவர்களுக்கு உறைத்தது. பாதிக் கூலி ஆக்கினார்கள். முப்பது நாள் கழித்தே கேட்கலாம் என்றார்கள். முதலாளி மூலமாகப் போக வேண்டாம், நீங்களே நேராக விண்ணப்பிக்கலாம் என்றார்கள். ஒரே வருடத்தில் இவ்வளவும் செய்ய முடிந்தது என்றால் முன்பே செய்திருக்கலாம் என்றுதானே அர்த்தம்?

ஆனால் இரண்டுமே திட்டங்கள், சட்டம் அல்ல. அடல் திட்டத்துக்குக் கெடு வைத்து, கெடு முடியும்போது நீட்டி, மறுபடி நீட்டி ஓட்டுகிறார்கள். 1948 சட்டத்தை இப்போது 2020ஆம் வருடச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைத்துவிட்டார்கள். அதில் காப்பீட்டுப் பலன்கள் என்று ஆறு எழுதியிருக்கிறது: நோய், பிரசவம், ஊனம், இறந்தவரின் குடும்பத்துக்கு உதவி, மருத்துவம், ஈமச்செலவு. செத்தால் சுடுகாட்டுச் செலவுக்கு உரிமை உண்டு. வேலை போனால் உரிமை இல்லை, கருணை உண்டு. புதிதாகச் சட்டம் எழுதின கைக்கு ஏழாவதாக ஒரு வரி எழுத மனம் வரவில்லை.

ஏன்? 'வேலை இல்லாமல் இருப்பதற்குப் பணம் கொடுத்தால் எவன் வேலைக்கு வருவான்?' இதுதான் கேள்வி. வெளியே சொல்ல மாட்டார்கள், மனதில் இதுதான். 250 ரூபாய்க்காக 500 ரூபாய் வேலையை விடுகிறவன் யார் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். அதையும் விடுங்கள். நோயாளியைச் சோதிக்க டாக்டர் இருக்கிறார், வேலை போனவனைச் சோதிக்க யார் இருக்கிறார்கள் என்பார்கள். இருக்கிறது. மாதாமாதம் முதலாளி கம்ப்யூட்டரில் சந்தாக் கணக்குப் போடுகிறார் அல்லவா? உங்கள் பெயருக்கு நேரே வேலை நாள் பூஜ்யம் என்றால் காரணம் கேட்கும். ஒரு பட்டியல் விரியும்: லீவில் இருக்கிறார், வேலையை விட்டுச் சென்றார், ஓய்வு பெற்றார், ஆட்குறைப்பு, வேலை இல்லை. இதில் ஒன்றைத் தொட வேண்டும். கம்பெனிக் கணக்கர் அவசரத்தில் 'வேலையை விட்டுச் சென்றார்' என்பதைத் தொட்டுவிட்டுப் போகிறார். அது வழக்கம், யாரும் கேட்பதில்லை. நீங்களாகப் போனதாக அரசாங்கத்தின் ஏட்டில் ஏறிவிடுகிறது. சாட்சி இருக்கிறது, சாட்சியைப் பொய் சொல்ல விட்டிருக்கிறோம். அந்த ஒரு வரியைத் தொழிலாளியின் போனுக்கு அனுப்பி 'இது சரியா?' என்று கேட்க எத்தனை செலவாகும்? நான் கேட்கும் சீர்திருத்தத்தில் பாதி இதுதான். மீதிப் பாதி, அந்த ஏழாவது வரி.

பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: 2019இல் மொத்தச் சந்தாவை ஆறரையிலிருந்து நாலாகக் குறைத்தார்கள். குறைத்த இரண்டரையில் அரை ரூபாயைத் திருப்பி வையுங்கள். அது எத்தனை நாள் பாதிக் கூலிக்குத் தாங்கும் என்று கணக்காளர்கள் உட்கார்ந்து சொல்லட்டும். அந்தக் கணக்கை யாரும் போடச் சொல்லவில்லை என்பதுதான் என் குறை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017 ஜனவரியிலிருந்து, இ.எஸ்.ஐ.யில் இருக்க மாதக் கூலி 21,000 ரூபாய் என்பதுதான் உச்சவரம்பு. ஃபிட்டர், டர்னர், சீனியர் டெய்லர் எல்லாம் அதைத் தாண்டிப் போகிறார்கள். தாண்டினவருக்கு அந்த அரையாண்டோடு சந்தா நின்றுவிடும், அதற்குரிய பலன் காலம் முடிந்ததும் நோய்க்கால உதவியும் போய்விடும், வேலையிழப்பு உதவியும் போய்விடும். கம்பெனி மெடிக்கல் பாலிசி கொடுக்கிறதே என்பார்கள். அது ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும். வீட்டு வாடகையைக் கட்டாது.

நேரமாகிவிட்டது, தலைவர் மணியைப் பார்க்கிறார். கேட்டுப் போவதோடு நிற்காமல் இன்றைக்கே செய்ய ஒரு வேலை. திருப்பூரில் கம்பெனி மாறுகிற ஒவ்வொரு தடவையும் புது ஐ.பி. நம்பர், அதாவது இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண், போட்டுவிடுகிறார்கள். ஒரே ஆளுக்கு மூன்று நம்பர், நாலு நம்பர். 78 நாள் இங்கே ஐம்பது, அங்கே இருபத்தெட்டு என்று சிதறிக் கிடந்தால் படுக்கும்போது ஒன்றும் வராது. புது இடத்தில் சேரும்போது பழைய நம்பரைச் சொல்லுங்கள், ஆதாரோடு இணைத்திருக்கிறதா என்று பாருங்கள். வாசல் பக்கம் மேசை போட்டு நம் பிள்ளைகள் இரண்டு பேர் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆதார் அட்டையும் பாங்க் பாஸ்புக்கும் இருக்கிறவர்கள் வரிசையாகப் போங்கள். உங்கள் பெயரில் எத்தனை மாதம் சந்தா ஏறியிருக்கிறது, கடைசிக் கம்பெனி என்ன காரணம் போட்டிருக்கிறது என்று எடுத்துச் சொல்வார்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தால் சம்பளச் சீட்டை அவர்களிடமே கொடுங்கள். மனு நாங்கள் எழுதுகிறோம். கைக்குழந்தையோடு வந்தவர்களை முதலில் விடுங்கள்.